என் வாரத்தில் நனைந்த மெத்தை

மகனுக்கு ஒன்றே முக்கால் வயது ஆனபோது என் மனைவி வேலைக்குத் திரும்பினாள். சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனி. ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். இரவு வாரத்தில் ஆறு மணிக்கு கேப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது விடிய இரண்டு மணி நேரம்தான் பாக்கி இருக்கும். அந்த வாரம் முழுக்கப் பையனுக்குச் சோறூட்டுவதும் தூங்கவைப்பதும் என் பொறுப்பு.

நான் பீளமேட்டில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். பம்பில் தண்ணீர் கசியாமல் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. ஒரு குழந்தையின் டயப்பர் கசியாமல் பார்ப்பது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் காலை அவன் முதுகு வரை நனைந்திருந்தான். சட்டை, விரிப்பு, அடியில் மெத்தை, எல்லாம் ஈரம். இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்து நாளும் மெத்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயவைத்தேன். அடுத்த வாரம் அவள் பகல் ஷிப்ட், அவள்தான் தூங்கவைத்தாள். ஒரு நாள்கூட நனையவில்லை. அதற்கடுத்த வாரம் என் முறை வந்தது. மறுபடி ஈரம்.

கீழ்வீட்டில் இருக்கும் ஓனரம்மா மாடிக்குத் துணி காயப்போட வருவார். மெத்தையைப் பார்த்ததும் சிரித்தபடி கேட்டார்.

"ஏனுங்க தம்பி, இந்த வாரம் அம்மணிக்கு நைட்டு டூட்டிங்களா?"

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"அதா, மெத்தை சொல்லுதே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது நாள் முழுக்க உறுத்தியது. அதே குழந்தை, அதே டயப்பர், அதே கட்டில். அவள் கைக்கு அடங்குவது என் கைக்கு ஏன் அடங்கவில்லை?

டயப்பரை மாற்றிப் பார்த்தேன். இரவுக்கென்று தனியாக விற்கும் கனமான வகை வாங்கினேன். உள்ளே மடித்த பருத்தித் துணி ஒன்றை வைத்தேன். ஒரு சுற்று பெரிய அளவு வாங்கினேன். அதில் கொஞ்சம் பலன் இருந்தது. முதுகு வரை ஏறிய ஈரம் இடுப்போடு நின்றது. ஆனால் நனைவது நிற்கவில்லை.

"நீ என்னதான் பண்றே, அம்மணி?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நானொண்ணும் தனியாப் பண்றதில்லீங்களே. நீங்க நைட்டு எவ்வளவு பால் குடுக்கறீங்க?"

"ஒரு டம்ளர்."

அது பொய். நான் கொடுத்தது இரண்டு பாட்டில். சில நாள் மூன்று.

ஏன் கொடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கேப் கிளம்பியதும் பையன் வாசற்கதவில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு "ம்மா, ம்மா" என்று அழுவான். தூக்கினால் நெளிந்து இறங்குவான். பொம்மையைக் காட்டினால் தட்டிவிடுவான். பால் பாட்டிலைக் காட்டினால் மட்டும் அழுகை நிற்கும். என் மடியில் மல்லாந்து படுத்து, என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் குடிப்பான். அந்தப் பத்து நிமிஷம் அவன் என்னுடையவன். பாட்டில் தீர்ந்தால் மறுபடி "ம்மா". அதனால் தீரவிடாமல் ஊற்றினேன். எங்கிருந்து ஈரம் வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒப்புக்கொண்டால் அந்தப் பத்து நிமிஷம் போய்விடும்.

அவள் வாரத்தில் நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு அழுகை கிடையாது. அவள் ஏதோ மெதுவாகச் சொல்வாள், அவன் சிரிப்பான், கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும். காலையில் எழுந்து, "பாருங்க, என்ர தங்கம் சொட்டு நனைக்கல" என்று அவன் வயிற்றில் முத்தம் கொடுப்பாள். என்னைக் குத்திக்காட்ட அல்ல, பெருமையில் சொல்வாள். எனக்கோ எரிச்சல் வரும். அவளுக்கு இரவு ஷிப்ட் என்பதால் பகல் பூராவும் அவன் அவளோடு இருக்கும் வாரத்திலும் அவளைத்தான் தேடினான். அவளுக்குப் பகல் ஷிப்ட் என்பதால் குழந்தைகள் காப்பகத்தில் இருந்துவிட்டு வரும் வாரத்திலும் அவளைத்தான் தேடினான். இரவில் நனையாமல் இருப்பதுகூட அவளுக்கென்று அவன் எடுத்துவைக்கும் மரியாதை போல எனக்குப் பட்டது. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை மீது இப்படியொரு குற்றச்சாட்டு வைத்த ஆள் நான்.

பிறகு அதைச் செய்தேன்.

அது அவளுடைய பகல் வாரம். எட்டரைக்குப் பையனைத் தூங்கவைத்துவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். நான் பாலை ஆற்றிப் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய் அவன் உதட்டில் வைத்தேன். தூக்கத்திலேயே குடித்தான். முழுப் பாட்டிலும். வெறும் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து, அவள் பல் தேய்க்கப் போனபோது கழுவி வைத்தேன்.

காலையில் மெத்தை நனைந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"என்னாச்சு கண்ணு உனக்கு?" என்று அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாளும் கொடுத்தேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் காலை அவன் தொடையிடுக்கு சிவந்து தடித்திருந்தது. அவள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள்.

"நான் வேலைக்குப் போனதுதானுங்க தப்பாப் போச்சு. பயத்துலதான் இப்படி நனைக்கறானாட்ட இருக்குது. இல்லாட்டி உள்ள ஏதாச்சும் கிருமி இருக்கோணும். இன்னைக்கே டாக்டருகிட்டப் போலாங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

குழந்தைகள் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். காய்ச்சல் இல்லை, எடை சரியாக இருக்கிறது. "ராத்திரி பால் குடிக்கிறானா?" என்றார்.

"ஏழு மணிக்குச் சோத்தோட ஒரு டம்ளருங்க. அதுக்கு மேல எதுவுமே குடுக்கறதில்லீங்க, டாக்டர்" என்றாள்.

டாக்டர் யோசித்துவிட்டு, எதற்கும் சிறுநீரைச் சோதித்துவிடலாம் என்றார். இந்த வயதுக் குழந்தைக்கு அதற்கென்று ஒரு சின்னப் பை உண்டு. பசை தடவிய அதன் வாயை உடம்பில் ஒட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். நர்ஸ் வந்து டயப்பரைப் பிரித்தார். சிவந்த தோலில் பஞ்சு பட்டதும் பையன் வீறிட்டான். நர்ஸ் பையின் மேல்தாளை உரிக்கத் தொடங்கினார்.

"ஒட்டாதீங்க" என்றேன். "வேண்டாங்க டாக்டர். நான்தான் குடுத்தனுங்க."

"என்ன குடுத்தீங்க?"

"பால். தூங்கினதுக்கு அப்புறம். மூணு நாளா. ஒரு பாட்டில்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பையை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, புண்ணுக்கு ஒரு களிம்பு எழுதினார். "தூங்கற குழந்தைக்குப் பாட்டில் வேண்டாம். பல்லுக்கும் கெடுதல்" என்று மட்டும் சொன்னார்.

வீடு வரும்வரை அவள் வண்டியில் என் தோளைப் பிடிக்கவில்லை; பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டாள்.

"எதுக்குங்க அப்படிப் பண்ணுனீங்க?"

"உன்கிட்ட மட்டும் நனைக்காம இருந்தான்" என்றேன். சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு சின்ன வார்த்தையாக இருந்தது.

"நான் தப்பான அம்மான்னு மூணு நாளா என்னைய நானே திட்டீட்டு இருந்தனுங்க. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆனால் அன்று இரவு பையனைத் தூங்கவைக்கும்போது என்னைக் கூப்பிட்டாள். "வந்து பாருங்க" என்றாள். அப்போதுதான் அவள் செய்வதையெல்லாம் முதன்முறையாகப் பார்த்தேன். ஆறு மணிக்குப் போட்ட டயப்பரை நான் அப்படியே விட்டுவிடுவேன். அவளோ அவன் படுக்கப்போகும் கடைசி நிமிஷத்தில் புதிதாக ஒன்று மாற்றினாள். ஆண்பிள்ளை என்பதால் சிறுநீர் போகும் இடம் கீழ்நோக்கி இருக்கும்படி சரிசெய்தாள். இல்லையென்றால் ஈரம் நேராக வயிற்றுப் பக்கம் ஏறிவிடுமாம். தொடையைச் சுற்றி இருக்கும் சுருக்கை விரலால் வெளியே இழுத்துவிட்டாள். நான் அதை உள்ளே மடித்துத்தான் இத்தனை நாளும் போட்டிருக்கிறேன். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள்.

"ஒண்ணும் தனியாப் பண்றதில்லைன்னியே?"

"இதையெல்லாம் போய்ச் சொல்லோணும்னு தோணலீங்க. கை அது பாட்டுக்குச் செய்யுது."

அடுத்த வாரம் என் முறை. ஏழு மணிக்கு ஒரு டம்ளர் பால், அதோடு சரி. பாட்டில்களை அவளே எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். முதல் நாள் ஒரு மணி நேரம் அழுதான். என் கையைக் கடித்தான். இரண்டாம் நாள் அழுகை தாங்காமல் அவனை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். விமான நிலையம் பக்கம் என்பதால் எங்கள் தெருவுக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். ஒன்று விளக்கெரிய, இரைந்துகொண்டு தலைக்கு மேலே போனது. அவன் அழுகையை நிறுத்தி வாயைப் பிளந்தான். "இன்னொண்ணு வரும், இரு" என்றேன். இன்னொன்று வர வெகுநேரம் ஆனது. அதுவரை என் தோளில் தலையைச் சாய்த்து, கையில் ஒன்றுமில்லாத என்னோடு காத்திருந்தான்.

அன்றும் லேசாக நனைந்தது. மூன்றாம் நாளும். நான்காம் நாள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு அவன் பக்கத்திலேயே தூங்கிப்போனேன். அவள் எப்போது வந்து படுத்தாள் என்றே தெரியாது. விடிந்து நான் கண் திறந்தபோது, அவள் கை பையனின் முதுகுக்கு அடியில் போயிருந்தது.

"காஞ்சிருக்குதுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

நான் போட்ட டயப்பர், என் வாரம், என் முதல் வெற்றி. அதையும் எனக்கு முன்னால் அவள்தான் தொட்டுப் பார்த்திருந்தாள். ஒரு நொடி அந்தப் பழைய எரிச்சல் எழுந்தது. பேசாமல் நானும் என் கையை அடியில் விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, காய்ந்துதான் இருந்தது.