எலியேசரின் இசைக்கவை

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பாடகர் குழுவை எலியேசர் 1961 முதல் நடத்திவந்தார். ஆர்மோனியத்தைத் தொடாமலே சுருதியைத் தொண்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். பிறகுதான் இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துச் சரிபார்ப்பார். இரண்டும் ஒன்றாகவே இருக்கும். கடைசி வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடிய நான், அது பிசகிக் கண்டதில்லை.

1994 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் பிசகியது. அவர் கொடுத்த சுருதி கவையைவிடத் தாழ்ந்திருந்தது.

“கவை ஏறிட்டு வே,” என்றார்.

“எஃகு எப்படி அண்ணாச்சி ஏறும்?” என்று கேட்டேன்.

“ஆர்மோனியமுந்தான் ஏறிட்டு. நீரு அதைப் போய்க் கேளும்.”

எல்லாரும் சிரித்தோம். மறுவாரம் கவையின் இரு கரங்களின் நுனியிலும் மெழுகை அப்பி வந்திருந்தார். நுனி கனத்தால் கரங்கள் மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். அவர் காதுக்கு இப்போது சரியாக இருந்தது. எங்கள் பாட்டோ பள்ளத்தில் இறங்கியது. கீழ்ச்சுரங்களில் என் குரல் வெறும் காற்றாக வந்தது.

அவர் மனைவி இன்பமணி என்னைத் தனியே அழைத்தார்.

“ரேடியோல வார பாட்டும் ஏறிட்டுங்காவ, அண்ணாச்சி. நான் சொன்னா எரிஞ்சு விழுதாவ. பண்டிகை அன்னைக்குச் சபை முன்னால தலைகுனியாம நீங்கதான் பாத்துக்கிடணும்.”

பக்கத்துச் சபையிலிருந்து அதே அளவுக் கவையை இரவல் வாங்கி எலியேசர் வீட்டுக்குப் போனேன். இரண்டையும் தட்டி, காம்புகளை மேசையில் ஊன்றினேன். இரு சுருதியும் ஒத்துப்போகாமல் ஒலி பெருத்தும் சிறுத்தும் துடித்தது. அவரே மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தார். மறுபடி தட்டியபோது துடிப்பு இல்லை. ஒரே கோடாக ஒலித்தது. ஓங்கித் தட்டினால் சத்தம்தான் கூடும். சுருதியைக் கரங்களின் நீளமும் தடிமனும் எஃகும் எப்போதோ முடிவு செய்துவிட்டன. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லித்தந்தது இது.

“ரெண்டும் ஒண்ணுபோலக் கெட்டிருக்குமோ?”

“இருக்காது அண்ணாச்சி.”

காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கண்ணை மூடினார்.

“இங்கனயும் ஏத்தமாத்தான் கேக்கு. அப்ப கெட்டது நாந்தான். என்ன செய்ய வே?”

அவரைக் காது வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வயதானால் சிலருக்கு இப்படி ஆகும், மருந்து கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எலியேசர் சுருதி எடுத்துக் கொடுக்கவில்லை. கவையைத் தட்டி மர இருக்கையில் ஊன்றினார். மரம் சொன்னதைப் பிடித்து நாங்கள் பாடினோம். அவர் கை தாளம் தவறாமல் அசைந்தது. வாய் மூடியே இருந்தது. கடைசிப் பாட்டுவரை நாங்கள் தப்பாகப் பாடுவதாகவே அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.