'வரேன்' என்று சொன்னவர்

வயது நாற்பத்திரண்டு. இந்த நாற்பத்திரண்டில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ்களை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. எதைச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பதால் கடையில் அதுவே அவருக்குப் பெயர்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் கடை. அந்தப் படிக்கட்டின் அடியில் பச்சை மேலங்கி போட்ட ஒரு பெண் உண்டியலோடு நிற்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்கு நிதி. முதல் நாள் போட்டார். மறுநாளும் போட்டார். அதற்கு அடுத்த நாள் மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனார். தாமதம், செருப்பெல்லாம் மீன் தண்ணீர்.

"ஆகட்டும், கண்ணாடி மாட்ட வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. இன்னொரு நாள் லேட்டா வந்தா வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார் முதலாளி.

வீட்டில் மனைவி அலுத்துக்கொண்டாள். "இதுக்குப் போய் ஊரைச் சுத்துவீங்களா? முடியாதுன்னு வாய் வரலைன்னா, 'வரேம்மா'ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க."

மறுநாள் அந்தப் பெண் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தொடங்கி என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். எதுவும் காதில் ஏறவில்லை. "வரேம்மா" என்றார். படியேறிவிட்டார். ஒருவருக்கு மறுப்புச் சொன்ன மிதப்பில் அன்று இரண்டு லென்ஸ்களைக் கூடுதலாகத் தேய்த்து வீணாக்கினார்.

அடுத்த நாள் அவள் கையில் இன்னொரு பச்சை மேலங்கி இருந்தது.

"சனிக்கிழமைகள்ல என்கூட நிக்க ஆள் வேணும்னு எத்தனையோ பேர்கிட்ட கேட்டேண்ணே. நீங்க ஒருத்தர்தான் வரேன்னீங்க."

"இல்லம்மா, நான் சொன்னது போயிட்டு வரேன்ங்கிற…"

"தாராளமா போயிட்டு வாங்க. சனிக்கிழமை வந்தா போதும். கடை திறக்கறதுக்குள்ள விட்டுடறேன்."

"ஆகட்டும்," என்றார்.

"வரேன்னு சொல்லத்தானே சொன்னேன். வரவா சொன்னேன்?" என்றாள் மனைவி.

சனிக்கிழமை. மேலங்கி வயிற்றில் பிடித்தது. வருகிறவர்கள் தூரத்திலேயே அவரைப் பார்த்துப் போனைக் காதில் வைத்தார்கள்; செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு முதலாளி வந்தார். பச்சையைப் பார்த்தார், உள்ளே இருக்கிற ஆளையும் பார்த்தார். அடிக்காத போனில் "சொல்லுங்க சார்" என்றபடி மீன் மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டார்.

பூட்டிய கடை வாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள், ஆகட்டும் உட்பட. முதலாளி கடைசியாக வந்தார். ஷூ நனைந்திருந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

அன்று மாலை கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: சனிக்கிழமைகளில் கடை அரை மணி தாமதமாகத் திறக்கும்.