லாரிக் அமிலமும் என் தலை எண்ணெயும்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருந்த ஒரு சின்ன லேபில் நான் டெக்னீஷியன். பாக்டீரியாவின் ஜீனை மாற்றி, சர்க்கரையைத் தின்று லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுக்க வைப்பது எங்கள் வேலை. அதிலிருந்து டீசலும் சோப்பும் செய்யலாம் என்பது டைரக்டரின் கனவு. பாக்டீரியாவோ மூன்று வருடமாகச் சர்க்கரையை மட்டும் ஒழுங்காகத் தின்றது.

மலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். பாக்டீரியா தட்டுகளை வைக்கும் இன்குபேட்டர் பெட்டி எப்போதும் சூடாக இருப்பதால், தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டில்களை அதன் மேல்தான் எல்லோரும் வைப்போம். அது கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிய டைரக்டரின் பாட்டிலும் அங்கேதான் இருந்தது.

எங்களுக்குப் பணம் கொடுக்கும் கமிட்டி வந்து பார்க்க நான்கு நாள் இருந்தது. இந்த முறையும் கையை விரித்தால் லேபை மூடிவிடுவார்கள். கான்ட்ராக்டில் இருந்த நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்று பார்த்து, பாக்டீரியா வளரும் ஃபெர்மெண்டரில் நுரை பொங்கியது. நுரையை அடக்கும் மருந்து தீர்ந்திருந்தது. மதுரையிலிருந்து வர வேண்டிய பார்சல் மலைக்குக் கீழே வத்தலக்குண்டிலேயே நின்றுவிட்டது. நுரை மூடியைத் தொட்டதும் என் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். அடங்கிவிட்டது. நோட்டில் எழுத வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் டைரக்டர் ஃபெர்மெண்டர் சாம்பிளின் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு ஓடி வந்தார்.

"பாத்தியாம்மா, லாரிக் அமிலம் மலையாக் கெடக்கு."

தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம்தான். வாயை மூடிக்கொண்டால் லேபும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். அரை மணி நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் அவர் மனைவிக்கு போன் போட்டு, மலை ஏறும் பஸ்ஸெல்லாம் இனி நம் டீசலில்தான் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், அது பாக்டீரியா குடுத்தது இல்லைங்க. நான் ஊத்துன தேங்கா எண்ணெய்ங்க."

போனை வைத்தார். பிறகு, எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பு எடுத்த சாம்பிள் இருக்கிறதா என்று கேட்டார். ஃப்ரிட்ஜில் இருந்தது. அதை அமிலத்தை அளக்கும் மிஷினில் ஏற்றிவிட்டு, திரையில் ஓடும் கோட்டை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது. எண்ணெய் இல்லாமல், எங்கள் பாக்டீரியா தானாகக் கொடுத்த முதல் அமிலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைத்தான் மறுநாள் கமிட்டிக்குக் காட்டினோம். எண்ணெய்க் கதையையும் டைரக்டரே சொன்னார். சிரித்துவிட்டு இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சின்ன மேடு இருந்தது எங்களுக்கே தெரியாமல் போயிருக்கும். லேபுக்கு வரும் பிள்ளைகளே, எதை ஊற்றினாலும் நோட்டில் எழுதுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.