ஃப்ரீசர் வாங்காத டாக்டர்

எங்கள் கடலோர ஊரான ஸ்குவிட் கோவுக்கு வரும் டாக்டர் எத்தனை நாள் தங்குவார் என்பது அரசாங்கத்துக்குத் தெரியுமோ என்னவோ, என் அக்கா மெல்வினாவுக்குத் தெரியும். ஊரின் ஒரே சாமான் கடையில் முப்பது வருடமாக நிற்பவள். புது டாக்டர் பனி வாரும் மண்வெட்டி வாங்கினால் ஒரு குளிர்காலம். சுவருக்குப் பெயின்ட் வாங்கினால் இரண்டு. பெரிய ஃப்ரீசர் வாங்கினால் ஆள் நிரந்தரம். வருடத்துக்கு வேண்டிய மூஸ் மான் கறியையும் காட் மீனையும் சேர்த்து வைக்க நினைக்கிறவர் எங்கே ஓடப் போகிறார்?

டாக்டர் ஹாலெட் ஓடினார். அவர் ஃப்ரீசர் வாங்கியதும் ஊரே திரண்டுபோய், மூடி வைத்திருந்த வியாதிகளையெல்லாம் அவரிடம் கொட்டியது. மூன்றே மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை படகேறிவிட்டார். அந்த ஃப்ரீசரில் பாதி நாங்கள் கொடுத்த கறி. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அக்கா புருஷன் கிளாருக்கு நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுகிறேன் என்று ஹாலெட் சொன்னதோடு சரி. அடுத்த டாக்டர் வந்து, "முதல்லேருந்து சொல்லுங்க" என்று ஆரம்பிப்பதற்குள் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகு எந்த டாக்டரிடமும் அக்கா முழங்கால் வலி என்று மட்டும்தான் சொல்வாள். முழங்காலில் ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், போய் எதையாவது சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் ப்ளூபெர்ரி பறிக்கும்போது, வாளியைப் பார்த்தபடியே சொன்னாள்: "மார்புல ஒரு கட்டி இருக்குடி."

"எத்தனை நாளா?"

"வசந்தத்திலேருந்து."

கத்தினேன். வாளியைக்கூடத் தூக்கி எறிந்தேன்.

"யார்கிட்ட காட்டச் சொல்றே? புதுசா டாக்டரா வந்திருக்கே, கானா நாட்டுப் பொண்ணு, எஸி குவார்ட்டேன்னு, அவகிட்டயா? ஒரே ஒரு மண்வெட்டி வாங்கினா. அதுவும் இருக்கறதிலேயே சின்னது!"

ஒரு மாதம் மல்லுக்கட்டி, செப்டம்பரில் அந்த டாக்டரிடம் காரில் ஏற்றிக் கொண்டுபோனேன். கூடவே உள்ளேயும் நுழைந்துகொண்டேன்.

"எங்க வலிக்குது, ஆன்ட்டி?"

"முழங்கால்ல, கண்ணு." எங்கள் ஊரில் எல்லோரும் கண்ணுதான், டாக்டர் உட்பட.

அந்தப் பெண் கோப்பைப் புரட்டினாள். "இந்த முழங்காலை ஆறு டாக்டர் பார்த்திருக்காங்க. மூணு பேர் இடதுன்னு எழுதியிருக்காங்க, மூணு பேர் வலதுன்னு. இன்னைக்கு எது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முழங்கையால் இடித்தாள்.

"நீ ஏன் ஃப்ரீசர் வாங்கலை?" என்று டாக்டரையே கேட்டுவிட்டாள்.

"எதுக்கு ஆன்ட்டி? ஜூன் இருபதோட நான் கிளம்பிடுவேன்."

இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் இப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் இங்கேயே வீடு பார்க்கிறேன் என்றவர்கள்தான்.

"நெஜமாவே போயிடுவியா?"

"போயிடுவேன். ஆனா நீங்க சொல்றதை உங்க முன்னாடியே எழுதி, ஒரு நகல் உங்க கையில தந்துடுவேன். அடுத்து வர்றவங்ககிட்ட நீங்க முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். கோட்டின் பொத்தானை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

பார்த்து முடித்ததும் டாக்டர் அங்கிருந்தே செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் காத்திருப்புப் பாட்டை மூவரும் கேட்டோம். தேதி வாங்காமல் போனை வைக்கவில்லை.

அக்டோபரில் ஆபரேஷன். அப்புறம் மருந்து. அக்காவின் முடியெல்லாம் கொட்டியது. கம்பளித் தொப்பியோடு கடையில் நின்று அந்தக் குளிர்காலம் பூராவும் மண்வெட்டி விற்றாள். மே மாதப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

எந்த டாக்டரையும் வழியனுப்பப் போகாதவள், ஜூன் இருபதாம் தேதி காலையிலேயே படகுத் துறையில் போய் நின்றாள். டாக்டர் அவளைக் கட்டிக்கொண்டுவிட்டுப் படகேறினாள். படகு முனை திரும்பும்வரை அக்கா கையை இறக்கவில்லை.

"சொன்ன தேதியிலேயே போறா பாருடி," என்றாள் பெருமையாக. வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.