கதவு வரைந்த மில்லிமீட்டரம்மா

அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டரம்மா என்றுதான் பெயர். சர்க்யூட் போர்டு வரைவது அவள் வேலை. வீட்டு அலமாரியா, மகளுக்குத் தைக்கும் பாவாடையா, எதை வரைந்தாலும் அதே மென்பொருளில்தான் வரைவாள்.

"வீடு வரையறதுக்குன்னு தனியா சாஃப்ட்வேர் இருக்கே!" என்று கணவன் தலையில் அடித்துக்கொள்வான்.

"எனக்கு இதுதான் கைவரும். நீங்க போய் உங்க வேலையப் பாருங்க." பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்!

அப்பா சக்கர நாற்காலியோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய்வர வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. மருமகனைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, மனுஷன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

குளியலறையை மாற்றிக் கட்ட, உட்கார்ந்து வரைந்தாள். போர்டில் இரண்டு செம்புக் கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கினால் மென்பொருள் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். அதே விதியை நாற்காலிக்கும் சுவருக்கும் போட்டாள். கதவையும் வாஷ்பேசினையும் நகர்த்தி நகர்த்தி, கடைசியில் பிழை பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம் வந்தால் அலுவலகத்தில் போர்டைத் தயாரிப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அவளும் படத்தை அச்செடுத்துக் கொத்தனாரிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது, பாத்ரூமா ரேடியோவா?" என்றார் அவர். ஆனால் வரைந்தபடியே கட்டிக் கொடுத்தார்.

நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வீடே கைதட்டியது. சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் கையைப் பார்த்தாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லம்மா. கதவு நிலையில லேசா உரசுது."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா மறுபடி மாப்பிள்ளையத் தள்ளச் சொல்லுவ."

அட, கூறுகெட்டவளே! நாற்காலியை அளந்தவள், சக்கரத்தை உருட்டும் கையை மறந்துபோனாளே. படத்தில் இல்லாத கையை மென்பொருள் எங்கே கண்டது? அப்போதே போய் நாற்காலியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டம் வரைந்து, 'அப்பா கை' என்று பெயர் வைத்துச் சோதித்தாள். கதவு இருந்த இடம் முழுக்கச் சிவந்தது.

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே நிலையைப் பெயர்த்து அகலமாக வைத்தார். அப்பா உள்ளே போனபோது இவள் பின்னாலேயே போனாள்.

"நான் வரட்டுமாப்பா?"

"நீ போய் உன் வேலையப் பாரு."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே வந்தவரின் கையை அவள் பார்த்தாள்; புதிதாக ஒரு கீறலும் இல்லை.

"தண்ணி குடும்மா" என்றார். "பெரிய டம்ளர்ல."