வள்ளித்தாய் வண்டியின் சங்கிலி

வள்ளித்தாயைப் பற்றிச் சொல்ல வந்தால் அவளுடைய சாவியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு சிவப்பு நாடாவில் இரண்டே சாவி. ஒன்று மோட்டார் சைக்கிளுக்கு. இன்னொன்று அந்த மோட்டார் சைக்கிளைக் கட்டிப்போடும் சங்கிலிப் பூட்டுக்கு.

மல்லாங்கிணற்றுப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அவள் ஊர். முதல் பஸ் ஏழே முக்காலுக்கு. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி வேனோ ஆறு மணிக்கெல்லாம் ஊர்ப்பாதை மெயின் ரோட்டில் சேருகிற விலக்கில் வந்து நிற்கும். நின்றது தெரிவதற்குள் கிளம்பியும் விடும். அந்த ஆறு கிலோமீட்டரை நடந்து வந்து, பகல் முழுக்கத் தரைச்சக்கரம் சுற்றி, திரும்பவும் நடந்து போவது ஆகிற காரியமா? புருஷன் ஆண்டிச்சாமி இருந்தவரை அவன் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி மூன்று மாதம் கோழி அடைகிற இடமாகக் கிடந்தது. நான்காம் மாதம் அதைக் கரிசல் காட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பருத்தி எடுத்து முடிந்த வெற்று நிலம். விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. ஒன்பது தடவை விழுந்தாள். பத்தாவது தடவை நேராக வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். நாற்பத்துநாலு வயதில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கியர் வண்டி! ஊர் நாலு நாள் சிரித்தது. ஐந்தாம் நாள், ரேஷன் கடை வரை கூட்டிப்போகச் சொல்லி அதே ஊர் அவள் வாசலில் வந்து நின்றது.

அந்த வண்டி இருந்தால் வேன் உண்டு. வேன் இருந்தால் வேலை உண்டு. இதைப் புரிந்துகொண்டால் அவள் சாவி விஷயத்தில் ஏன் அம்புட்டுப் பிடிவாதம் பிடித்தாள் என்பதும் புரிந்துவிடும்.

கம்பெனிக்குள் இரும்பு போகக் கூடாது. மருந்துக்குப் பக்கத்தில் ஒரு உரசல், ஒரு பொறி, அது போதும். அதனால் செல்போன், கொண்டை ஊசி, சாவி என்று எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கிவிடுவார்கள். சாவிக்கென்று மர முளை அடித்த பலகை ஒன்று உண்டு. காலையில் மாட்ட வேண்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலமோ அந்த இடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. சாவிக்கு நின்றவனுக்கு வேனில் உட்கார இடம் கிடைக்காது. ஆகவே விலக்கில் வண்டி நிறுத்துகிற மற்ற பன்னிரண்டு பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாவியைக் கம்பெனிக்கே கொண்டுபோவதில்லை. பெட்ரோல் டேங்கின் உறைக்குள் செருகிவிட்டு வேனில் ஏறிவிடுவார்கள். தான் வைத்த இடம் தனக்கு மட்டுமே தெரியும் என்று பன்னிரண்டு பேரும் நம்பினார்கள். பன்னிரண்டு பேரும் வைத்தது ஒரே இடத்தில்தான்.

வள்ளித்தாய் மட்டும் வண்டியைப் பூட்டுவாள். ஹேண்டில் லாக் போட்டு, முன் சக்கரத்துக்குள் சங்கிலியை விட்டு, ஊர்ப்பெயர்ப் பலகையின் இரும்புக் காலோடு சேர்த்துப் பூட்டி, ஒரு தடவை இழுத்தும் பார்ப்பாள். சாயங்காலம் அவள் கம்பெனி கேட்டின் பலகையிலிருந்து சாவி எடுத்து வரும்வரை வேன் காத்து நிற்கும்.

"யத்தே, அந்தத் துருப்பிடிச்ச வண்டிக்கு ரெண்டு பூட்டா? கள்ளன் பாத்தா பாவப்பட்டு பெட்ரோல் ஊத்திட்டுல்ல போவான்!" என்பான் முனியராஜ். அதே ஊர்ப் பையன். இருபத்தாறு வயது. வாய் நீளம்.

"ஊத்துனா ஊத்தட்டும்லே. வண்டி அங்கனதான நிக்கும்?" என்பாள் இவள்.

ஆடி மாதம் முனியராஜின் புது வண்டி காணாமல் போனது. டேங்க் உறையில் சாவி, பிறகு கேட்பானேன்? வந்தவன் சொந்த வண்டியை எடுப்பது போல எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததோடு சரி. அன்றிலிருந்து முனியராஜ் யார் யார் பின்னாலோ தொற்றிக்கொண்டு விலக்குக்கு வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. பூட்டு என்பதே வீண் என்று வேன் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தான்.

"எடுக்கணும்னு வந்தவன் எந்தப் பூட்டையும் எடுத்துருவான். பூட்டுனாலும் ஒண்ணுதான், பூட்டாட்டியும் ஒண்ணுதான்" என்றான்.

இந்தப் பேச்சு கம்பெனி போர்மேன் காளீஸ்வரன் காதுக்கும் போனது. தீபாவளி சீசன். லோடு லாரியும் வேனும் கேட்டில் இடித்துக்கொண்டு நிற்கிற நேரம். ஒரு நாள் காலையில் சாவிப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்.

"ஏம்மா வள்ளித்தாயி, ஒனக்காக தினமும் வேன் நிக்கி. இன்னைக்கு மட்டும் சாவிய எங்கிட்டக் குடு. நாளையிலருந்து எல்லாரையும் மாதிரி வண்டியிலயே வச்சுட்டு வா. இல்ல, வண்டி இல்லாம வா."

"வண்டி இல்லாம எப்படி அண்ணாச்சி வர?"

"அப்ப சாவிய விட்டுட்டு வா. பூட்டி மட்டும் என்னத்தக் கண்ட? பூட்டுனாலும் பூட்டாட்டியும் ஒண்ணுதான்."

அன்று அவள் சுற்றிய சக்கரம் ஒன்றும் ஒழுங்காக அமையவில்லை. இரண்டு வழியிலும் வண்டி கைவிட்டுப் போகும். வண்டி போனால் வேலை போகும். சாயங்காலம் கேட்டுக்கு வந்தால் போர்மேனைக் காணோம். குடோனில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறாராம். வேன் டிரைவர் பெத்தணன் ஹாரனை அமுக்கினார்.

"ஏறும்மா. அவரும் மல்லாங்கிணற்றுக்காரருதான. பின்னாலயே பைக்குல வருவாரு, வாங்கிக்கிடலாம்."

விலக்கில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் உறைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார்கள். வள்ளித்தாய் தன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

முனியராஜுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? "யத்தே, ஒம் பூட்டு ஒன்னையே வெளிய நிப்பாட்டிருச்சே! நகரு, மூணு நிமிசத்துல தொறந்து தாரேன்."

வள்ளித்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு நிமிசத்துல நீ தொறந்துட்டா நாளையிலருந்து நானும் சாவிய வண்டியிலயே விட்டுருதேன். தொறக்காட்டி?"

"தொறக்காட்டி ஒன் சங்கிலிக்கு நாந்தான் காவல்!"

பெத்தணன் செல்போனை எடுத்து நேரம் பார்த்தார். வீட்டுக்குக் கிளம்பினவர்களும் நின்றுவிட்டார்கள்.

முனியராஜ் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஹேண்டிலின் ஒரு பக்கம் காலை ஊன்றி, மறுபக்கம் கையால் பிடித்து, ஒரே உதை. 'டக்'கென்றது. ஹேண்டில் லாக் போயே போய்விட்டது. மூன்று நிமிடம் என்ன, மூன்று விநாடி ஆகவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். வள்ளித்தாய்க்கு முகம் செத்துப்போனது. இத்தனை நாள் இதையா நம்பினோம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை.

"இன்னொண்ணு இருக்குலே" என்றாள்.

சங்கிலிக்கு முதலில் கல் வந்தது. கல் இரண்டாக உடைந்தது. அப்புறம் வேன் டூல்ஸ் பெட்டியிலிருந்து டயர் கழற்றுகிற லிவர் கம்பி வந்தது. கம்பி வளைந்தது. ஊர்ப்பெயர்ப் பலகையின் கால் ஆடிற்றே தவிரப் பூட்டு வாய் திறக்கவில்லை.

"மூணு நிமிசம் ஆச்சுப்பா" என்றார் பெத்தணன்.

"கள்ளன் என்ன வாட்ச் கட்டிட்டா வாரான்? அந்த ஆக்சா பிளேடக் குடுங்க!"

"அறுலே, நல்லா அறு. நான் எங்கயும் போகல" என்று வள்ளித்தாய் வேன் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

இரும்பு அறுக்கிற, கைப்பிடி இல்லாத பிளேடு. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவன் அறுத்த சத்தம் அரை மைலுக்குக் கேட்டிருக்கும். பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "யாரு வண்டிப்பா இது?" என்றார். ஆடு பத்திக்கொண்டு வந்த பெண் நின்று பார்த்து, "இது ஆண்டிச்சாமி வண்டியில்ல? ஏன் அறுக்கீக?" என்று சண்டைக்கு வந்தாள். காரில் போன ஒருவர் கண்ணாடியை இறக்கிப் போட்டோவே எடுத்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிப் பெத்தணனுக்கு வாய் வலித்தது. முனியராஜுக்கு வேர்த்து ஊற்றியது. சங்கிலியில் ஒரு வளையத்தில் பாதிகூட அறுபடவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூரத்திலிருந்தே ஹாரனை அலறவிட்டுக்கொண்டு ஒரு பைக் வந்தது. வந்தவர் ஸ்டாண்டுகூடப் போடாமல் வண்டியைப் பெத்தணன் மேல் சாய்த்துவிட்டு ஓடிவந்து முனியராஜின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏலே! நட்டநடு ரோட்டுல யாரு வண்டிய அறுக்க?"

முனியராஜ் திரும்பினான். பிடித்திருந்தவர் போர்மேன் காளீஸ்வரன்.

"அண்ணாச்சி, நாந்தான்! முனியராஜு!"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காளீஸ்வரனுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சட்டைப் பையிலிருந்து சிவப்பு நாடாவை மெதுவாக எடுத்தார். வள்ளித்தாய் படியிலிருந்து எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, பூட்டுனாலும் பூட்டாட்டியும் ஒண்ணுதான்னு சொன்னீக. ஒண்ணுன்னா ஏன் ஓடியாந்தீக?"

"அறுக்கிற சத்தம் கேட்டுச்சே..."

"அதத்தான் நானும் சொல்லுதேன். உறையில சாவி இருந்தா சத்தம் ஏது? நீங்க பாட்டுக்குக் கையாட்டிட்டுப் போயிருப்பீக. எந்தப் பூட்டும் நாள் முழுக்கத் தாங்காது. கால் மணி நேரம் தாங்குச்சுல்ல? அதுக்குள்ள நாலு பேரு என்ன ஏதுன்னு கேட்டாச்சு. அம்புட்டுப் போதும் எனக்கு."

காளீஸ்வரன் பிடரியைத் தடவினார். "சரிம்மா. பலகைய நாளைக்கு மாட்டிருதேன். கேட்டுல இல்ல, கம்பெனில வேன் நிக்கிற எடத்துலயே மாட்டிருதேன். ஏறும்போது எடுத்துக்கிடுங்க." இந்த யோசனை இத்தனை வருடம் யாருக்கும் வரவில்லை.

கூட்டம் கலைந்தது. முனியராஜ் மட்டும் தேய்ந்த பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"யத்தே, அன்னைக்கு நான் ஒரு சங்கிலி போட்டிருந்தா வண்டி இருந்திருக்கும். அத ஒத்துக்கிட மனசு வரல. அதான் அப்படிப் பேசிட்டுத் திரிஞ்சேன்."

அது வள்ளித்தாய்க்கு முன்பே தெரியும். "எடுத்தவன் கள்ளன்லே. நீயா எடுத்த? காலையில அஞ்சே காலுக்கு என் வாசல்ல நில்லு. பின்னால உக்காந்து வா. சங்கிலிக்கு நீதான் காவல்னு சொல்லியிருக்க, மறந்துராத."

அடுத்த வாரம் விலக்கில் பார்த்தவர்கள் வண்டிகளின் முன் சக்கரங்களுக்குள் ஒரே நீளச் சங்கிலி ஓடுவதைப் பார்த்தார்கள். தினமும் அதைக் கோத்துப் பூட்டி, இழுத்தும் பார்க்கிறவன் முனியராஜ். வள்ளித்தாய் மல்லாங்கிணற்று மெக்கானிக்கிடம் போய்ப் புது ஹேண்டில் லாக் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"அதான் மூணு செகண்டுல ஒடையுதே, பெறகு எதுக்கு யத்தே?" என்றான்.

"அந்த மூணு செகண்ட மட்டும் கள்ளனுக்குச் சும்மா குடுக்கணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறினாள்.