விளக்குக்குப் பிடித்த தீட்டு

இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஒரு வயர் அழுகியதற்கு என்னைக் குற்றம் சொன்னார்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில். நைனாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். கம்பின் மேல் ஒரு விளக்கு, கீழே பெட்டியில் பேட்டரி. சாயங்காலம் கிளம்பும் முன் நைனா என்னைத் தூக்கி உள்ளே விடுவார். சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. பெண்பிள்ளை படகில் ஏறக்கூடாது என்று பெரியப்பா முணுமுணுப்பார். நைனா காதில் வாங்கமாட்டார்.

ஒருநாள் கடலில் அந்த விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் ஒரு விசைப்படகு இவர்கள்மேல் ஏறப் பார்த்தது. கத்திக் கூச்சல் போட்டுத் தப்பித்தார்கள். கரைக்கு வந்ததும் பெரியப்பா நேராக என்னிடம்தான் வந்தார்.

"சொன்னேனா இல்லியா? பொட்டப்புள்ள கால் வெச்சா இன்னா ஆவும்னு இப்போ தெரியுதா?"

"ஒம்போது வயசுப் புள்ள மாமா அது. அதுக்கு இன்னா தீட்டு?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. உன் புருசன் உசுரோட வந்தான்ல, அத்தப் பாரு."

பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் வயர் முன்பு அறுந்தபோது முறுக்கி, பாலிதீன் கவரைச் சுற்றிக் கட்டியது பெரியப்பாதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தீட்டுக் கழிக்க ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளும் கல்லுப்பும் கரைத்தார்கள். நைனா அதைப் படகு முழுக்க ஊற்றினார்.

"பேட்டரிப் பொட்டிய வுட்டுடாத. அதுலதான் குந்தினு கீது," என்றார் பெரியப்பா.

பெட்டியைத் திறந்து அதற்குள்ளும் ஊற்றினார் நைனா. வயர் முடிச்சின் மேலும் ஊற்றினார். பெரியப்பா முடிச்சைப் பிரித்து மறுபடி முறுக்கி, அதே கவரைச் சுற்றினார். விளக்கு எரிந்தது. "பாத்தீங்களா?" என்று எல்லோரையும் பார்த்தார். சுவிட்ச் போடும் வேலை பெரியப்பா மகனுக்குப் போனது. என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டே போடுவான்.

கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி செத்தது. சுவிட்சைப் போட்டது அவன். அவனுக்கு யாரும் மஞ்சள் கரைக்கவில்லை.

"இவ கரையில நின்னு பாக்குறால்ல, அந்தப் பார்வையே போதும்," என்றார் பெரியப்பா. இனிமேல் கரைக்கே வரக்கூடாது என்றார்கள்.

கடைசியில் டவுனிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். நான் வலைக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். கவரைப் பிரித்து வயரை வெட்டினார். உள்ளே செம்பையே காணோம். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. பேட்டரி முனையிலும் பூத்துக் கிடந்தது.

"உப்பு தின்னுடுச்சி. இன்னாப்பா, பொட்டிக்குள்ள யார்னா உப்புத்தண்ணி ஊத்தினீங்களா?"

பெரியப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும் ஊத்தல பாய். அலை அடிச்சிருக்கும்," என்றார் நைனா.

பாய் புது வயர் போட்டார். விளக்கு எரிந்தது. என்னைக் கரைக்கு வா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஊற்றியது நைனாவின் கை. நான் கண்ணால் பார்த்தேன். பாவம், நைனாவுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஞாபகப்படுத்த வேண்டும் என்று காத்திருந்தேன்.